இரண்டாம் தரம்

எங்கள் பக்கம் கச்சான் என்றால்
ஒன்று தின்பது, மற்றது அடிப்பது.
வறுத்துக் கடதாசிச் சுருளில் தருவது ஒன்று.
மேற்கால் வந்து
கூரைத் தகரத்தின் ஆணியைக் கழற்றுவது மற்றது.
ஆடியில் இரண்டும் சேர்ந்தே வரும்.

லக்சியா தின்றது கச்சான்கூட இல்லை.
பக்கத்துக் காணிப் பிள்ளை திருவிழாவால் வந்து
வேலிக்கு மேலால் நீட்டிய எள்ளுருண்டை.
அது கச்சான் அல்வாவோடு
ஒரே பையில் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான்.
பின்னேரம் நாலு இருபது.
முதலில் உதடு.
பிறகு மயிர்க்கொட்டி ஊர்ந்ததுபோல் கழுத்தில் தடிப்பு.
பிறகு சத்தி.
பிறகு "அம்மா" என்றாள்,
வேறு யாரோ பிள்ளையின் குரலில்.

ஓட்டோ. கிறவல் றோட்டு.
மாங்குளம் ஆஸ்பத்திரி வாசலில்
ஒற்றைச் செருப்போடு இறங்கினேன்.
தொடையில் ஊசி,
உடுப்புக்கு மேலாலேயே குத்தினார்கள்.
பத்து நிமிஷம் இருக்கும்.
தடிப்பெல்லாம் ஒவ்வொன்றாய் அமர்ந்தது.
கண்ணைத் திறந்து "பசிக்குது" என்றாள்.
அழுதேன். சிரித்தும் இருப்பேன்.

ஆறரைக்குக் கடைசி பஸ்.
நெல் றோட்டில் காய்கிறது,
காற்று படங்கைத் தூக்கி எறிந்துவிடும்,
மாடு கட்டினபடி நிற்கிறது,
பிள்ளையும் நல்லாய் இருக்கிறாள்.
"துண்டு வெட்டித் தாங்கோ மிஸ்" என்றேன்.
கம்பளையால் வந்த தாதி
தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்:
"இது போறது. திரும்பி வாறது. ராவைக்கு நிக்க."

எனக்குப் பிடிபடவில்லை.
அவள் இனி அதைத் தொடவே மாட்டாள்.
தின்னாமல் எப்படித் திரும்பி வரும்?

குலேந்திரன் வேலைத்தலத்திலிருந்து நேரே வந்தவர்,
முழங்காலில் மண்.
பன்னிரண்டு வருஷமாக மிதிவெடி எடுக்கிறார்,
அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல் இல்லை.
வாங்கில் இருந்து சப்பாத்தைக் கழற்றினார்.
கழற்றினால் அந்த மனிசன்
அன்றைக்கு எங்கேயும் போகார்.
"மெசின் கத்தாத இடத்தையும்
நாங்கள் உடன விட்டிட்டு வாறேல்லை" என்றார்.

ஹோன் அடித்துக்கொண்டு பஸ் போனது.
நான் அவரோடு கதைக்கவில்லை.
நெல்லை நினைத்துக்கொண்டிருந்தேன்.
அதையும் எழுதத்தான் வேண்டும்.
நெல்லை.

இரவு இரண்டே முக்கால்.
நித்திரையில் காதைச் சொறிந்தாள்.
நுளம்பு என்று நினைத்துக் கையை வீசினேன்.
திரும்பவும் சொறிந்தாள்.
பாணும் பச்சைத் தண்ணியும் தவிர
எதுவும் அந்த வாய்க்குள் போகவில்லை.
பிறகு மூச்சில் ஒரு விசில்,
கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி.
வெளியே உண்மையாகவே காற்று.
எது எதன் சத்தம் என்று
நான் பிரித்துக்கொண்டிருக்க
குலேந்திரன் கத்தினார்.
கலியாணம் கட்டிய நாளிலிருந்து
அவர் கத்திக் கேட்டது அதுதான் முதல்.

இரண்டாவது ஊசி.
முகத்தில் வைத்த மாஸ்க்குக்குள்
சின்னதாய் ஒரு புகார் வந்தது, போனது, வந்தது.
வந்ததை மட்டும் எண்ணினேன்.

அந்த நேரம் வீட்டில் இருந்திருந்தால்
பதினெட்டுக் கட்டை.
அதில் நாலு காட்டுப்பாதை, யானை இறங்குகிற நேரம்.
ஓட்டோக்காரனின் போன் இரவில் வேலை செய்யாது.
கணக்குப் பார்க்கிறேன்.
பாதியில் விட்டுவிடுகிறேன்.

விடிய லக்சியா கேட்டாள்:
"போட்டுதா?"
தாதி தலையை ஆட்டவில்லை, சிரித்தாள்.
குலேந்திரன் சப்பாத்தைக் காலால்
வாங்குக்குக் கீழே தள்ளிவிட்டார்.
இன்னொரு பகலும் இன்னொரு இரவும் நின்றோம்.

வீட்டுக்கு வந்தபோது
நெல் கட்டின சாக்குகளாய் விறாந்தையில்.
மாட்டுக்குத் தண்ணி வைத்திருந்தது.
பக்கத்துக் காணிக்காரர்தான்.
எள்ளுருண்டை கொடுத்த பிள்ளை
வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது.
கையில் இன்னும் ஏதோ ஒட்டியிருக்கிறதுபோல்
இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.